தண்ணீர் ஊற்றாமல் பார்த்த சோதனை

பித்தளை உருண்டை வகுப்பில் சாய்ந்த அன்றைக்கே அருளப்பனுக்கு வேலை போயிற்று. தப்பு என்னுடையது.

அறுபதுகளில் பம்பாய் குர்லாவில் ஒரு சின்னப் பட்டறையில் இருந்தோம். அவனுக்கு லேத்தில் கடையும் வேலை, எனக்கு ஈயம் வைத்து ஒட்டும் சால்டரிங். மாட்டுங்கா கல்லூரி புரொபசர் ஒருவர் வரைபடத்தோடு வந்தார். தண்ணீர் நிரப்பிப் பம்பரம் போலச் சுற்ற ஒரு உருண்டை வேண்டும். அகலம் ஆறு அங்குலம், உயரம் அதில் கால் அங்குலம் குறைவு.

"பூமிக்குள்ள இரும்பு உருகிக் கெடக்கு. இருந்தும் தள்ளாடாம சுத்தறதே, அதைப் பசங்களுக்குக் காட்டணும். மேலயும் கீழயும் சப்பையா இருக்கணும், பூமி மாதிரி" என்றார்.

உருண்டையின் அச்சான ஷாஃப்டை அருளப்பன் கடைந்தான். மேல், கீழ் இரண்டு பாதிகளை விளிம்போடு விளிம்பு ஒட்டுவது என் வேலை. தண்ணீர் டாங்கி ஒட்டிப் பழகிய கை. ஒழுகினால் மானம் போகும். இரண்டுக்கும் நடுவே அரை அங்குலப் பித்தளைப் பட்டி கொடுத்து ஒட்டினேன், யாரிடமும் சொல்லவில்லை. காலியாகச் சுற்றிப் பார்த்தோம். ஜம்மென்று நின்றது.

கல்லூரியில் தண்ணீர் ஊற்றிச் சுற்றியதும் ஆடி விழுந்தது.

பட்டறை மேஸ்திரி அருளப்பன்மேல் பாய்ந்தார். "ஷாஃப்ட் கோணலால்லா இருக்கு! என் பேரையே கெடுத்துட்டியேலே!"

"நேராத்தான் இருக்கு அண்ணாச்சி. டயல் கேஜ் வச்சு அளந்து பாருங்க."

அவர் பார்க்கவில்லை. "நாளைக்கு நீ வர வேண்டாம்."

தூத்துக்குடியிலிருந்து மனைவியையும் பிள்ளையையும் அழைத்துவர தாராவியில் அவன் ரூம் பிடித்திருந்தான். அது எனக்குத் தெரியும். பட்டியின் ஞாபகமும் வந்தது. பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் புரொபசர் உருண்டையோடு வந்தார். "ஷாஃப்ட்ல தப்பே இல்ல. காலியா எதுவும் நிக்கும். உள்ள தண்ணி இருந்தா சப்பைதான் நிக்கும், நீண்டிருந்தா விழுந்துடும். இது அகலத்தைவிட உயரம் கால் அங்குலம் நீண்டிருக்கே, யார் ஒட்டினது?"

"நான்தான் சார்."

மேஸ்திரி தலையில் கைவைத்தார். "போய் அவனக் கூட்டிட்டு வாலே."

தாராவியில் ரூம் பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள்: "நேத்தே ஊருக்குப் போயிட்டாவ. பொஞ்சாதிய வராண்டாம்னு தந்தி அடிச்சிட்டுப் போனாவ. புதுசா வாங்குன பாய எங்கிட்ட குடுத்துட்டாவ." அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். மேஸ்திரி அவன் ஊருக்குப் போட்ட கடிதத்துக்கும் பதில் வரவில்லை.

பட்டியை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினேன். தண்ணீரோடு அசையாமல் சுற்றியது. புரொபசர் என் கையைப் பிடித்துப் பாராட்டினார். உருண்டைக்குள் இருந்தது அருளப்பன் கடைந்த அதே ஷாஃப்ட்.

பட்டறைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். உள்ளே எதை ஊற்றப் போகிறார்களோ, அதை ஊற்றியே சோதியுங்கள். தப்பு உங்களுடையது என்றால் அன்றைக்கே சொல்லுங்கள். நான் மூன்றாம் நாள்தான் சொன்னேன்.