கண்ணில் ஒற்றிக்கொண்ட கைத்துப்பாக்கி

திங்கட்கிழமை காலையில் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் எல்லோரையும் கேட்பது ஒரே கேள்விதான்: வார இறுதியில் என்ன செய்தாய்? ஆல்பனியில் வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருடமாக என் பதில் மாறவில்லை. துணி துவைத்தேன், கோயிலுக்குப் போனேன், கத்தரிக்காய் விலையைப் பார்த்துவிட்டு வாங்காமல் வந்தேன். அன்று கெட்டில் கொதிக்கும்வரை சும்மா நிற்பானேன் என்று சம்பளப் பிரிவு அம்மாளிடம் நானே அதைக் கேட்டேன். மெல்லிய குரல், கையால் பின்னிய கம்பளிச் சட்டை, மேசை முழுக்கப் பூனைப் படங்கள். "பிஸ்டல் கிளப்புக்குப் போயிருந்தேன்" என்று சொல்லிவிட்டு டீயில் பால் ஊற்றிக்கொண்டார் அவர்.

கெட்டில் டக்கென்று அணைந்தது. என் மண்டைக்குள் ஏதோ டக்கென்று பற்றிக்கொண்டது.

மத்தியானத்துக்குள் அவரிடம் எல்லாவற்றையும் கறந்துவிட்டேன். இந்த நாட்டில் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் நடக்க முடியாது. சுட ஆசை இருந்தால் கிளப்பில் சேர வேண்டும். முதலில் பாதுகாப்பு வகுப்பு, அதன் முடிவில் வெறும் துப்பாக்கியை வைத்து ஒரு தேர்வு. அதில் தேறினால்தான் நிஜக் குண்டைக் கையில் தருவார்கள். உரிமமெல்லாம் அதற்கும் பிறகு. அதற்குப் போலீஸ்காரர்கள் வீட்டுக்கே வந்து நேர்காணல் செய்வார்கள். கணவனைத் தனியாக உட்காரவைத்து, இவளை நம்பலாமா என்று கேட்பார்களாம்.

கணவன்தான் சிக்கல். நான் திருச்சி, அவன் யாழ்ப்பாணம். பத்து வயதில் அப்பா அம்மாவோடு இங்கே வந்தவன். லின்ஃபீல்ட் வீட்டில் அன்றிரவு சாப்பாட்டு மேசையில் விஷயத்தை அவிழ்த்தேன்.

"துவக்கோ? விசரே உமக்கு?"

"ஏன், நான் சுடக்கூடாதா?"

"உகுலேலே எங்கை?"

"கராஜ்ல." இரண்டு வாரம் வாசித்துவிட்டு ஓரங்கட்டிய குட்டி கிடார் அது.

"கயாக் படகு?"

"அதுவும் கராஜ்லதான். அதுக்கென்ன இப்போ?"

"உதுவும் ரெண்டு கிழமையிலை கராஜுக்குத்தானே வரும். கயாக் கிடந்தாப் பறவாயில்லை. துவக்கு கிடக்கேலாது, சொல்லிப்போட்டன்." ரசத்தைக் கிண்டிக்கொண்டே இருந்தான். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னான். "சின்னனிலை உதைக் கண்டா வேலிக்குப் பின்னாலை ஒளிச்ச ஆள் நான், என்னப்பா."

கிளப்பின் துப்பாக்கி கிளப்பிலேயே இருக்கும், வீட்டு வாசலை மிதிக்காது என்று சத்தியம் செய்தேன். இன்னொன்றும் அவனே கேட்டான்: முதல் தேர்விலேயே சரிவராவிட்டால் விட்டுவிடுவீரா? ஒரே ஒரு மறுவாய்ப்பு உண்டு, அதிலும் போனால் விட்டுவிடுகிறேன் என்றேன். விடுவதாக இல்லை என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் வார்த்தை வார்த்தைதான். கயாக்குக்கு மேல் இதையும் அடுக்கினால் இனி நான் எதை ஆரம்பித்தாலும் அவன் கராஜ் கதவைத்தான் பார்ப்பான்.

படிப்பதென்றால் எனக்குச் சொல்லவா வேண்டும். விதிகளை அட்டையில் எழுதிக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டினேன். எந்தத் துப்பாக்கியையும் குண்டு போட்டதாகவே நினை. குழல் முனை எப்போதும் ஆபத்தில்லாத பக்கம் பார்க்கட்டும். சுடும் நொடிவரை விரல் விசைக்கு வெளியே. பல் தேய்த்தபடியே ஒப்பித்தேன். வகுப்பன்று எழுத்துத் தேர்வில் ஒரு கேள்வியும் தவறவில்லை. பக்கத்தில் இருந்த பிளம்பர் என் தாளை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நானும் கொஞ்சம் பெருமையாகவே தாளை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அப்புறம் கையாளும் தேர்வு. நீண்ட மரமேசை, எதிரே மண்மேடு. பயிற்றுநர் ஆறடிக்கும் மேல். ஆனால் குழந்தையைத் தூங்கவைக்கிற குரல். மேசையில் காலியான பிஸ்டலை வைத்து, "நிதானமாக எடுங்கள்" என்றார்.

நிதானமாகத்தான் எடுத்தேன். எடுத்து, வலது கண்ணில் ஒற்றி, இடது கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன்.

பிளம்பர் மேசைக்குக் கீழே போயிருந்தார்.

"அதைக் கீழே வையுங்கள். தயவுசெய்து." குரல் அப்போதும் உயரவில்லை. "இப்போது என்ன செய்தீர்கள் என்று தெரியுமா?"

"கும்பிட்டேன்."

"குழல் முனை முதலில் அவரைப் பார்த்தது. பிறகு என்னை. கடைசியில் உங்கள் புருவத்தை."

புதிதாக ஒரு கருவியைத் தொட்டால் எங்கள் வழக்கம் இது என்று விளக்கினேன். அவர் மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொண்டார். அதே அக்கறையோடு என் தாளில் பெரிய பெருக்கல் குறி போட்டார். நான்கு வாரம் கழித்து மறுதேர்வு.

வீட்டில் சொன்னதும் கணவன் சோபாவில் விழுந்து சிரித்தான். சிரித்து முடித்ததும் எனக்கே தெரியாமல் என்னைக் கவனிக்க ஆரம்பித்திருக்கிறான். சனிக்கிழமை சாயங்காலம் பட்டியலே வாசித்தான்: நூலகப் புத்தகம், புதுத் தோசைக்கல், மின்சார பில், பார்சலில் வந்த செருப்பு.

"செருப்பையுமா?"

"ஓம். அட்டைப்பெட்டியோடை."

இத்தனைக்கும் செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. கை தானாகச் செய்கிறது. தானாகச் செய்கிற கையை என்ன செய்வது? தலைமுடி உலர்த்தும் டிரையரை இஸ்திரி மேசைமேல் வைத்துப் பயிற்சியில் இறங்கினோம். பயிற்றுநர் வேடம் அவனுக்கு. ஆபத்தில்லாத பக்கம் என்று துணிக்கூடையைக் காட்டினான். முதல் தடவை எடுத்தேன். டிரையர் நேரே நெற்றிக்கு வந்தது. இரண்டாம் தடவை மூக்கில் இடித்தது.

"பிளக்கே போடலை, இதுக்குப் போய்..."

"சுடும் எண்டே நினையும். உம்மடை அட்டையிலைதானே கிடக்கு?"

ஒரு வாரம் முழங்கையைத் துண்டால் இடுப்போடு கட்டிப் பார்த்தோம். துண்டை அவிழ்த்ததும் கை பழைய பாதையிலேயே போனது. மூன்றாம் வாரம் நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவன் தலை நிமிராமலே சொன்னான்:

"அது மேசையிலை கிடக்கேக்கையே கும்பிட்டிட்டு எடுமன்."

"என்ன?"

"கும்பிடாதேயும் எண்டு ஆர் சொன்னது? எடுத்தாப்பிறகு கும்பிடுறதுதானே பிழை. முதலே மேசையைத் தொட்டுக் கும்பிடும். அலுவல் முடிஞ்சுது."

தொட்டேன், ஒற்றினேன், எடுத்தேன். டிரையர் துணிக்கூடையை விட்டு அசையவில்லை. துவக்கு என்றாலே முகம் சுளிப்பவன் எனக்காக இதை யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது. அதைச் சொல்லப் போனால், "சாக்ஸை மடியும்" என்று பேச்சை மாற்றினான்.

மறுதேர்வன்று மழை தூறியது. பயிற்றுநர் பிஸ்டலை வைத்துவிட்டு இரண்டடி தள்ளியே நின்றார். மேசை விளிம்பைத் தொட்டேன், கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு எடுத்தேன். முனை மண்மேட்டைப் பார்த்தது, விரல் நேராக நீண்டிருந்தது. மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து, காலி என்று பார்த்து, காலி என்று சத்தமாகச் சொல்லி, திரும்ப வைத்தேன். அவர் என்னையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த மேசையை யாரும் இவ்வளவு மரியாதையாக நடத்தியதில்லை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தாளை வாங்கியதும் என் கை கண்ணை நோக்கிக் கிளம்பிவிட்டது. நடுவழியில் உறைந்து நின்றேன்.

"பரவாயில்லை, செய்யுங்கள். காகிதம் சுடாது."

கார் நிறுத்துமிடத்தில் கணவன் ஜன்னல்களை ஏற்றிவிட்டுக் காத்திருந்தான். தாளைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தான். "கராஜுக்கை வேண்டாம். குசினியிலை, ஃபிரிட்ஜிலை ஒட்டும்" என்றான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நிஜக் குண்டு. பத்து மீட்டர், ஐந்து தடவை, காகித இலக்கு. அவனும் வருகிறானாம், ஆனால் காருக்குள்ளேதான் இருப்பானாம். கூடுதலாக ஒரு காதுக்கவசம் இரவல் கேட்டு வைத்திருக்கிறேன். வாசல்வரையாவது வருவானா என்று கேட்டுப் பார்ப்பேன். அவன் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு வேறொரு வேலை இருக்கிறது. ஐந்து குண்டும் புதுசு. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே கும்பிட்டுவிட வேண்டும்.