சங்கு சக்கரத்தோடு பட்டாளத்துக்கு

என் சின்ன மகன் இப்போது பட்டாளத்துக்காரன். முழு நேரம் இல்லை, பகுதி நேரம். இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அவன் கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ் ஓட்டுகிறான். அந்த வேலை அப்படியே இருக்கும். வருஷத்தில் கொஞ்ச நாள் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வரவேண்டும். தேவை என்று கூப்பிட்டால் துப்பாக்கியோடு போய் நிற்கவேண்டும். மற்ற நாளெல்லாம் பழையபடி ஸ்டியரிங்தான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை நீவி நேராக்கிவிடுகிறாள், அதனால் கௌரவமாகத்தான் இருக்கும்.

மீசை அரும்பின காலத்திலேயே அவனுக்குப் பட்டாள ஆசை. இரண்டு தடவை ஆள் எடுக்கும் இடத்துக்குப் போனான். ஒரு தடவை ஓட்டத்தில் பின்தங்கிவிட்டான், இன்னொரு தடவை எடை பற்றவில்லை. அப்போது நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை பார்த்தேன். நாள் பூராவும் துணி சுருட்டுகிற வேலை. பக்கத்தில் தெலுங்குக்காரப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களோடு பேசிப் பேசியே நான் பாதித் தெலுங்கு படித்துவிட்டேன், திட்டுகிற பாதி. எதற்குச் சொல்லவந்தேன் என்றால், இரண்டாவது தடவை தோற்ற அன்றைக்கு அவன் நேராக என் கம்பெனி வாசலுக்குத்தான் வந்து நின்றான். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

இந்தப் பகுதி நேரப் பட்டாளத்துக்கு நாற்பத்திரண்டு வயது வரைக்கும் எடுப்பார்களாம். அவனுக்கு நாற்பத்தொன்று நடந்துகொண்டிருந்தது. இதை விட்டால் அப்புறம் இல்லை.

விடிகாலையில் செண்பகத்தோப்பு ரோட்டில் ஓடிவிட்டு வந்துதான் பஸ்ஸை எடுப்பான். என் மருமகள் வாசல் தெளித்துக்கொண்டே சொல்வாள்: "அத்தே, ஒங்க மகனப் பாருங்க. கடைக்குப் போயி ஒரு தேங்கா வாங்கிட்டு வரச் சொன்னா முட்டி வலிக்குங்காவ. இப்ப மலையடிவாரம் வரைக்கும் ஓடுதாவ."

"ஓடட்டும்ட்டி. தொப்பையாச்சும் கரையும்," என்பேன்.

"நீங்க ரெண்டு பேரும் பேசுங்க. நான் தேறி வந்து காட்டுதேன்," என்பான் அவன்.

ஆள் எடுக்கிற இடத்துக்குப் போய் ஓட்டத்தில் தேறிவிட்டான். எனக்கு ஆச்சரியமே இல்லை. கம்பியில் தொங்கி எம்புவதிலும் தேறிவிட்டான். சட்டையைக் கழற்றச் சொன்ன இடத்தில்தான் வம்பு வந்தது.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வலது தோளில் சக்கரமும் இடது தோளில் சங்கும் உண்டு. பெருமாளுக்கு ஆளாகிவிட்டோம் என்பதற்கு அடையாளம். மடத்தில் சின்ன முத்திரையை நெருப்பில் காய்ச்சி, சுருக்கென்று ஒரு ஒற்று ஒற்றுவார்கள். அவன் பள்ளிக்கூடம் போகிற வயதில் நான்தான் கூட்டிப்போய் வைத்தேன். ஒரு பொட்டுச் சத்தம் போடவில்லை. வெளியே வந்ததும் சேமியா ஐஸ் கேட்டான், இரண்டாக. மற்றவர்களுக்கு நாளாக ஆக மங்கிப்போகும். அவன் உடம்பு வாகு, கறுத்துத் தடித்துவிட்டது. தூரத்தில் இருந்து பார்த்தால் பச்சை குத்தினது மாதிரியே இருக்கும்.

பட்டாளத்தில் தோளில் பச்சை குத்தியிருந்தால் எடுக்கமாட்டார்களாம். முழங்கைக்குக் கீழே உள்பக்கம் இருந்தால்தான் ஆகுமாம். அங்கே இருந்த டாக்டருக்கு வரிசையாக ஆயிரம் தோள். பார்த்தார், பச்சை என்று எழுதித் தள்ளிவிட்டார். சரியில்லை என்று நினைத்தால் பட்டாள ஆஸ்பத்திரிக்கு வந்து மறுபடி காட்டலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மருமகளின் அண்ணன் வந்திருந்தார். மதுரையில் துணிக்கடை வைத்திருப்பவர், எதற்கும் ஒரு வழி வைத்திருப்பார். "மதுரையில லேசர் வச்சு எடுக்காங்க மாப்ள. ஒரு வாரத்துல ஒண்ணும் தெரியாது," என்றார்.

மகன் என்னைப் பார்த்தான். "என்னம்மா சொல்லுதே?"

"தோளு ஒன்னுது. நான் என்னத்தச் சொல்ல," என்றேன். "ஆனா ஒண்ணு கேக்கேன். பொய் சொன்னியா? திருடுனியா? எதுக்குலே அழிக்கணும்?"

"இது கடைசித் தடவைம்மா. ஒனக்குப் புரியல."

"புரிஞ்சதாலதான் சொல்லுதேன்."

மருமகள் ரசத்தை ஊற்றிவிட்டு அவள் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணே, லேசர் வச்ச புண்ணோட போயி நின்னா, அது என்ன புண்ணுன்னு கேக்க மாட்டாவளா? அதுக்கும் சேத்துத் தள்ளிருவாவ." அண்ணன் அப்பளம் கேட்டார்.

மகன் இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள், "இப்படியேதான் போறேன். நீயும் வா," என்றான். இதைக் கேட்கத்தானே காத்திருந்தேன். பட்டாள ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது; புளியோதரை கட்டிக்கொண்டு செங்கோட்டை வழியாகப் போகிற ரயிலில் கிளம்பினோம். குகைக்குள் ரயில் போகும்போது எதிரே இருந்த பிள்ளைகள் கத்தின கத்து இருக்கிறதே. நானும் கூடச் சேர்ந்து கத்தினேன். மகன் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரி அப்படி ஒரு சுத்தம். தரையில் இட்லியைப் போட்டுச் சாப்பிடலாம். என்னை வெளி பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவனைக் கூப்பிட்டார்கள். உள்ளே நடந்ததை அவன் பிறகு சொன்னான். டாக்டர் ஒரு அம்மா, வடக்கத்திக்காரர். இது என்ன என்று கேட்டிருக்கிறார். இவனுக்கு இங்கிலீஷ் பஸ்ஸுக்கு வேண்டிய அளவுதான் வரும். பச்சை இல்லை, சூடு என்று சொல்லியிருக்கிறான். யார் சூடு வைத்தது? கூட்டிப்போய் வைத்தது எங்கள் அம்மா என்றிருக்கிறான். எத்தனை வயதில்? எட்டு வயதில். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். அந்த அம்மா எங்கே என்று கேட்டிருக்கிறார்.

தென்காசிப் பக்கத்துச் சிப்பாய் ஒருவர் வெளியே வந்தார். "ஆச்சி, ஒங்கள உள்ள கூப்பிடுதாவ. பிள்ளைக்கி எதுக்குச் சூடு போட்டீயன்னு கேக்காவ," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய்க் கும்பிட்டேன். "டாக்டரம்மா, இவன் பண்ண சேட்டைக்குச் சூடு போட்டிருந்தா ஒடம்புல எடம் பத்தாது. இது சாமிக்கு வச்சது," என்றேன். சிப்பாய் அதை இந்தியில் சொன்னார். சேட்டையைச் சொன்னாரா விட்டாரா, தெரியாது. டாக்டரம்மா முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

சொல்லிக்கொண்டிருந்தால் ஆகாது என்று ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டு என் தோளைக் காட்டினேன். வலது பக்கம், பிறகு இடது பக்கம். ஐம்பது வருஷத்துக்கு மேலே ஆன சங்கு. தோல் சுருங்கி, சங்கும் கூடச் சுருங்கி, ஒரு சிப்பி மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"எனக்கு எங்க அப்பா வச்சாவ. இவனுக்கு நான் வச்சேன். மை கிய்யி எதுவும் கெடையாது. தொட்டுப் பாருங்க," என்றேன்.

டாக்டரம்மா எழுந்து வந்தார். என் தோளைத் தடவிப் பார்த்தார். பிறகு அவன் தோளின் தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தார். இழுக்க இழுக்கக் கறுப்பு வெளிறியது. ஒரு கண்ணாடியை வைத்துக் குனிந்து பார்த்தார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார். இருவரும் செத்த நேரம் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். மகன் கையை விறைப்பாக வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தே நின்றான். என்னமோ, எனக்குப் பயமே வரவில்லை. மை இருந்தால்தானே பயப்பட.

டாக்டரம்மா உட்கார்ந்து எழுதினார். பிறகு என்னிடம் ஏதோ கேட்டார். சிப்பாய் சொன்னார்: "வலிச்சுதான்னு கேக்காவ ஆச்சி."

"வலிக்காம இருக்குமா? அதுக்குத்தான் ஐஸ் வாங்கிக் குடுக்கது," என்றேன்.

அப்போதுதான் அந்த அம்மா சிரித்தார். சிப்பாய் என் மகனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "தழும்புன்னு எழுதிட்டாவ. நீங்க பாஸு அண்ணாச்சி," என்றார். அவன் சட்டையைப் போடுகையில் பித்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். நான்தான் போட்டுவிட்டேன்.

போன மாசம் முதல் பயிற்சிக்குப் போனான். பஸ்ஸை வேறு டிரைவர் ஓட்டுகிறார். பாட்டே போடமாட்டேன் என்கிறாராம், காலேஜ் பிள்ளைகள் மருமகளுக்குப் போன் போட்டுப் புகார் சொல்கிறார்கள். அவன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். காலெல்லாம் கொப்புளம், ஆனால் குரலில் அத்தனை துள்ளல்.

"யம்மா, இங்க அம்புட்டுப் பேரும் சின்னப் பயலுவ. என்னைய அண்ணாச்சிங்கானுவ. நான்தான் எல்லாத்துக்கும் மூத்தவன்."

"மூத்தவன்னா முன்னால ஓடு," என்றேன்.

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றான். பின்னால் யாரோ விசில் ஊதினார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போனை வைத்துவிட்டான்.