ஹார்ன் என் கையில் இருந்தது

எழுபதுகளின் ஆரம்பம். மாண்ட்ரியலில் பியர்பொன்ட்ஸ் பகுதிக்குக் குடிபோய் அது இரண்டாவது கோடை. கணவருக்கு டோர்வலில் இன்ஜினீயர் வேலை. எனக்கு வேலையும் இல்லை, பேச ஆளும் இல்லை. கர்க்லாண்ட் தாண்டி ஒரு மைதானத்தில் ரோடியோ நடக்கிறது என்று கேள்விப்பட்டதும், "கூட்டிட்டுப் போங்களேன்" என்று இவரை நச்சரித்தேன். முரட்டுக் காளை மேல் ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி எட்டு விநாடி உட்கார வேண்டும். எட்டாவது விநாடியில் ஹார்ன் அடிக்கும். அதற்குள் விழுந்தால் பரிசு கிடையாது.

எல்லோரும் காளையைப் பார்த்தார்கள். நான் பார்த்தது பக்கத்து மரமேடையில் இருந்த பெண்களை! ஒருத்தி மார்க் எழுதுகிறாள். ஒருத்தி வீரர்களின் முதுகில் நம்பர் குத்தி அனுப்புகிறாள். இரண்டு பேர் கையில் ஸ்டாப்வாட்ச், அதில் ஒருத்தியிடம் ஹார்ன் பட்டன். அட, ஆட்டம் முழுக்க இவர்கள் கையில்தானா? எனக்கு வாய் சும்மா இருக்குமா? மேடையோரம் போய்க் கேள்வி கேட்டே துளைத்தெடுத்தேன். "ஏய், அவங்களை வேலை செய்ய விடேன்" என்று இவர் என் தலைப்பைப் பிடித்து இழுக்காத குறை.

ஹார்ன் வைத்திருந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். பிரெஞ்சும் அரைகுறை இங்கிலீஷுமாகச் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். நானும் விடவில்லை. திருச்சியில் கல்லூரி ஃபிசிக்ஸ் லேபில் வேலை பார்த்தவள், பெண்டுலத்துக்கு ஸ்டாப்வாட்ச் அமுக்கிப் பழகின கை இது என்று அளந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து வெயிலில் ஸ்டாப்வாட்ச் பிடித்திருந்த இன்னொருத்தி மயங்கிப் படுத்துவிட்டாள். சற்று நேரத்தில் ஏற வேண்டியவர் ஹார்ன்காரியின் கணவர். "அவர் ஏறும்போது நான் ஹார்னைத் தொடமாட்டேன். வாட்ச் மட்டும்தான் பிடிப்பேன். நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாது" என்றாள். என்னை மேடைக்குக் கூப்பிட்டு, முதலில் இரண்டு சவாரிகளுக்குச் சும்மா வாட்ச் அமுக்கிப் பார்க்கச் சொன்னாள். நான் அமுக்கிய நேரம் அவள் வாட்சோடு அச்சாகப் பொருந்தியது. நடுவரும் தலையாட்டினார். ஹார்ன் என் கைக்கு வந்தது. பெருமை தாங்கவில்லை எனக்கு.

அவள் கணவர் ஏறி வந்தார். ஐந்தாவது விநாடியிலேயே ஒரு பக்கமாகச் சரிந்து தொங்க ஆரம்பித்துவிட்டார். காளை சுழற்றுகிறது. ஐயோ, இவள் கண்முன்னேயே இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? என் விரல் பட்டனை அமுக்கிவிட்டது. சத்தம் கேட்டதும் அவர் கயிற்றை விட்டுக் குதித்தார். கூட்டம் கைதட்டியது. ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன்.

அவள் வாட்சைப் பார்த்தாள். ஏழு விநாடிகூட ஆகவில்லை. நேரே இறங்கிப் போய் நடுவரிடம் காட்டினாள். சவாரி செல்லாது. தப்பு ஹார்னில் என்பதால் அவர் இன்னொரு காளை மேல் மறுபடி ஏற வேண்டும்! நொண்டிக்கொண்டே போனார் அவர்.

"யாருக்கும் தெரிஞ்சிருக்காதே, ஏன் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அவருக்குத் தெரியுமே" என்றாள். "நீங்க அவரைப் பார்த்தீங்க. பார்க்க வேண்டியது வாட்ச் முள்ளை. முன்னாடி அடிச்சா அவர் ஜெயிச்சது பொய். லேட்டா அடிச்சா எலும்பு போயிடும்."

சொல்லிவிட்டு ஹார்னை மறுபடி என்னிடமே நீட்டினாள். வேண்டாம் என்று அழுதேவிட்டேன். அவள் விடவில்லை.

காளையை அடைத்திருந்த கதவு திறந்தது. முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை நான். கூட்டம் ஐயோ என்று அலறியது. நிமிரவில்லை. எட்டு. அமுக்கினேன். நிமிர்ந்தால், காளை மேலேயே இருந்தார் மனுஷர்!

"எப்படி ஏறினார்? நல்லா இருந்துதா?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"நான் எங்கே பார்த்தேன்!"

"நானும்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆச்சு. அவர் சவாரியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை" என்று சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

பிரியமானவர்கள் திணறும்போது குறுக்கே விழுந்து தடுப்பதுதான் பாசம் என்று நினைத்திருந்த எனக்கு, இன்றும் பிள்ளைகள் விஷயத்தில் கை பரபரக்கும்போதெல்லாம், பார்க்கத் துடித்த கண்ணை அடக்கிக்கொண்டு அவருக்காக நேரம் பார்த்த அந்தப் பெண்தான் என்னைப் பிடித்து நிறுத்துகிறாள்.