ஒன்பதாவது தீவுக்காரி

பாசெபா பிறந்தது நியுலக்கிட்டாவில். துவாலுவின் தென்கோடித் தீவு. முப்பது சொச்சம் பேர், நிறையத் தென்னை. நாட்டின் பெயருக்கு ‘சேர்ந்து நிற்கும் எட்டு’ என்று அர்த்தம். தீவுகளோ ஒன்பது. விட்டுப்போனது எது என்று பாசெபாவிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவள் பேசி முடிப்பதற்குள் அடுத்த கப்பல் வந்துவிடும்.

இருபது வருடமாகத் தலைநகர் ஃபுனாஃபுட்டியில், விமான ஓடுபாதைக்குப் பக்கத்தில் ரொட்டி சுட்டு விற்கிறாள். வாங்க வருகிறவன் நியுட்டாவோ தீவுக்காரன் என்றால் கருகியதாகப் பார்த்துக் கொடுப்பாள். அவள் கட்டிக்கொண்ட சிலிகாவும் நியுட்டாவோக்காரன்தான். கருகிய ரொட்டி தின்றே அவன் பெருத்துவிட்டான் என்பது ஊர்க் கேலி.

சுதந்திர நாளில் நடக்கும் பாட்டு, ஆட்டப் போட்டியில் ஒவ்வொரு தீவுக்கும் ஊர்ப் பொதுக்கூடத்தில் ஓர் இடம் உண்டு. நியுலக்கிட்டாவுக்கு மட்டும் இல்லை. அதன் ஆட்கள் நியுட்டாவோ பக்கம் உட்கார்ந்து கைதட்ட வேண்டியதுதான். அந்த வருடம் பாசெபா பொறுமை இழந்து, கூடத்துத் தலைவர் லோட்டோமாவின் முன்னால் போய் நின்று, தன் தீவுக்கும் ஓர் இடம் கேட்டாள்.

“நீங்க எங்க ஆளுங்கதானே? உன் தாத்தாவ அங்க குடியேத்துனதே நாங்கதான்” என்று குறுக்கே விழுந்தான் சிலிகா, பெண்டாட்டி என்றும் பாராமல்.

“உன் பாட்டன் மட்டும் என்னய்யா, தென்னமரத்துல காய்ச்சானா? சமோவாலேர்ந்து படகுல வந்தவன்தானே? அப்ப நீ போய் சமோவாக்காரங்களோட உக்காரு!”

லோட்டோமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “சரிம்மா, இந்த ஒரு தடவை ஆடிப் பாருங்க. பாட்டுல தாக்குப் பிடிச்சா வருசா வருசம் உங்களுக்குன்னு இடம். தடுமாறினா பழையபடி அவங்க பக்கம்.”

ஊரெல்லாம் சல்லடை போட்டுத் தேடியும் கிடைத்தது பதினொரு பேர், கைக்குழந்தை ஒன்றையும் சேர்த்து. பாட்டைப் பாசெபாவே கட்டினாள். வடக்கிலிருந்து ஒவ்வொரு தீவாகப் பெயர் சொல்லி வந்து, கடைசியில் நியுலக்கிட்டாவில் இறங்கும் பாட்டு.

மரப்பெட்டியை உள்ளங்கையால் அறைந்துகொண்டு, அதே பாட்டைத் திரும்பத் திரும்ப, சுற்றுக்குச் சுற்று வேகம் கூட்டிப் பாட வேண்டும். எதிரே நியுட்டாவோக்காரர்கள் எண்பது பேர். பாசெபாவின் ஆட்கள் நான்கு சுற்று ஈடுகொடுத்தார்கள். ஐந்தாவதில் பாசெபாவுக்கு வேகம் தலைக்கேறிவிட்டது. சின்ன வயதில் பள்ளியில் ஒப்பித்த எட்டுப் பெயரும் வாயிலிருந்து கொட்டின. எட்டாவது வந்ததும் பழக்கதோஷத்தில் கையை உயர்த்திப் பாட்டை முடித்துவிட்டாள். பெட்டி நின்றது. கூடம் நின்றது. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

“நியுலக்கிட்டா!”

கத்தியது சிலிகா. அடுத்த மூச்சில் அந்த எண்பது பேரும் கத்தினார்கள், பிறகு கூடம் முழுக்க. பாசெபா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

லோட்டோமா எழுந்தார். “தடுமாறினது வாஸ்தவம். ஆனா மறந்தது அவ ஒருத்திதான். மத்த எட்டுத் தீவும் ஞாபகம் வச்சிருக்கு. இனிமே இடம் இல்லேன்னு எந்த வாயால சொல்றது?”

மறுநாள் காலை சிலிகாவின் தட்டில் பொன்னிறமாக ஒரு ரொட்டி இருந்தது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“என்ன, உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?”

“இன்னிக்கு மட்டுந்தான்யா. பேசாம தின்னு.”