மறக்கிறவன் மடையன்

அமெரிக்காவின் டோலிடோ நகரில் இரும்புச் சாமான் கடையில் நிற்கும் வெர்னனுக்கு, சமையலறைத் தொட்டிக்கு அடியில் மிச்சம்மீதியை அரைக்கும் மெஷினை மாட்டுவது தண்ணீர் பட்ட பாடு. வாயளவில்தான். வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "பாத்திரம் கழுவற டிஷ்வாஷரோட குழாயை இந்த மெஷின்ல சொருகறதுக்கு முன்னாடி, அந்த ஓட்டையில கம்பெனிக்காரன் வெச்சிருக்கற அடைப்பைத் தட்டி எடுத்துடுங்க. மறக்கிறவன் மடையன்" என்பார்.

சனிக்கிழமை லீவு போட்டுச் சொந்த வீட்டில் மாட்டினார். போட்ட கேரட் தோலை மெஷின் சமர்த்தாக விழுங்கியது. வெர்னன் நெஞ்சை நிமிர்த்தினார். பிறகு மனைவி மார்லிஸ் டிஷ்வாஷரைப் போட்டாள். அழுக்குத் தண்ணீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கியது.

"பிளம்பரைக் கூப்பிடட்டுமா?"

"என் வீட்டுக்கா? ஊரே சிரிக்கும்!"

கார் ஷெட்டுக்குள் போய், குரலை மாற்றிக்கொண்டு தன் கடைக்கே போன் போட்டார். உடன் வேலை பார்க்கும் கர்ட் எடுத்தான். தண்ணீர் தேங்குவதைச் சொன்னார்.

"அடைப்பைத் தட்டி எடுத்தீங்களா சார்?"

வெர்னனுக்குப் பொளேரென்று அறை விழுந்தாற்போல் இருந்தது. "மறந்துட்டேன்."

"நல்லவேளை, எங்க வெர்னன் இன்னிக்கு லீவு. இருந்தா உங்களை மடையன்னு திட்டியிருப்பார். ஆனா விஷயம் தெரிஞ்சவர். நம்பர் தரேன், எழுதிக்கிறீங்களா?"

வெர்னன் தன் நம்பரை எழுதிக்கொண்டார்.