எட்டு வீட்டுக்கும் கேட்காமல்

மஸ்கெலியாவுக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்திலிருந்து அரை மணி நேரம் ஏறினால் தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்று வரும். அதில் எட்டு வீடுகள். வீடு என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு நீளக் கட்டடத்தை எட்டாகத் தடுத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தடுத்த புண்ணியவானுக்குக் கல் பற்றவில்லையோ மனசு பற்றவில்லையோ, சுவரைக் கூரை வரைக்கும் ஏற்றாமல் பாதியிலேயே விட்டுவிட்டான். முதலாம் வீட்டில் இருமினால் எட்டாம் வீட்டிலிருந்து “கொத்தமல்லி அவிச்சுக் குடி” என்று பதில் வரும். புருஷன் பெண்சாதி சண்டை போட வேண்டுமென்றால் தேயிலை மலைக்குள் போய்ப் போட்டுவிட்டு வர வேண்டும்.

ஷாமிலா அந்த லயத்தில் ஐந்தாம் வீட்டுப் பெண். வயது இருபத்தேழு. பாட்டு எழுதுகிறாள், மெட்டுப் போடுகிறாள், போனிலேயே வாத்தியங்களைச் சேர்த்து அவளே பாடி யூடியூபில் ஏற்றுகிறாள். முகம் காட்டுவதில்லை. பதினான்கு பாட்டு வந்திருந்தது. பதினான்கையும் குசுகுசுவென்றுதான் பாடியிருந்தாள். கேட்டவர்கள் அது ஒரு புது மாதிரி ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டு பாராட்டினார்கள். ஸ்டைலாவது மண்ணாவது. சத்தமாகப் பாட அவளுக்கு இடம் கிடையாது, பிறகு சத்தமும் கிடையாது. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

அவளுக்குப் பத்து வயதில் அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அப்பா சோலைமலைக்குத் தேயிலை ஸ்டோரில் வேலை. தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். வாரத்தில் நாலு ராத்திரி ஸ்டோரிலேயே கழியும். பொம்பளைப் பிள்ளையை வீட்டில் தனியாக விட்டுவிட்டு மெஷினுக்குப் பக்கத்தில் நிற்க அந்த மனிதருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து மஸ்கெலியாவிலிருந்து ஒரு தரகன் வந்தான். கொழும்பில் நல்ல குடும்பம், சும்மா கூடமாட இருந்தால் போதும், பள்ளிக்கூடமும் அனுப்புவார்கள் என்றான். சோலைமலை நம்பினார். நம்பினார் என்பதைவிட, நம்பாமல் இருக்க அவரிடம் வேறு வழி இல்லை என்று சொன்னால் சரியாக இருக்கும். பதினோராம் வயதில் ஷாமிலா கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடி வீட்டுக்குப் போனாள்.

பள்ளிக்கூடம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குக் கடைசி வரை தெரியாது. அந்த வீட்டில் முதல் நாளே போட்ட சட்டம், சத்தம் போடக்கூடாது. அந்த வயதுப் பிள்ளையை வேலைக்கு வைத்தால் பொலிஸ் வரும் என்று அந்த வீட்டு அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து வீடுகளுக்கு இங்கே ஒரு சிறுமி இருப்பதே தெரியக்கூடாது. பாத்திரம் கழுவும்போது ஒரு தட்டு மோதினாலும் தலையில் குட்டு விழும். ஒருமுறை கொதித்த சோற்றுக் கஞ்சி காலில் கொட்டியது. ஷாமிலா துண்டை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அடுப்படித் தரையில் சுருண்டாள். பன்னிரண்டு வயதில் அவளுக்கு அந்த வித்தை கைவந்துவிட்டது.

அந்த வீட்டு மகளுக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் கீபோர்டு கிளாஸ். டீச்சர் சொல்வதெல்லாம் அடுப்படிக்குக் கேட்கும். மறுநாள் காலையில் கீபோர்டைத் துடைப்பது ஷாமிலாவின் வேலை. துணியை விரலில் சுற்றிக்கொண்டு, சுவிட்ச் போடாமல், நேற்று கேட்டதை அழுத்திப் பார்ப்பாள். சத்தம் வராது. வந்ததாக மனசுக்குள் வைத்துக்கொள்வாள். அந்த வீட்டுப் பிள்ளை மூன்று வருஷம் படித்தும் ஒரு பாட்டை ஒழுங்காக வாசித்ததில்லை. ஷாமிலா ஐந்து வருஷம் ஊமைக் கட்டையில் வாசித்தே மெட்டுப் போடக் கற்றுக்கொண்டாள்.

அவளுக்குப் பதினாறு வயதானபோது அந்தக் குடும்பம் கனடாவுக்குப் போனது. ஒரு பையோடு ஹட்டன் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அங்கே நடந்தது எதையும் அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் கொழுந்து பறித்தாள். பிறகு பிள்ளைக் காம்பராவில் உதவியாளாக எடுத்தார்கள். கொழுந்துக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. மத்தியானம் பதினாறு குழந்தைகளும் தூங்கும் ஒரு மணி நேரத்தில்தான் அவள் பாட்டுப் பதிவு நடக்கும். மஸ்கெலியாவில் போன் கடை வைத்திருக்கும் அன்ஸார் நானா விற்ற பழைய போன், அவர் சும்மா கொடுத்த இயர்போன். சத்தம் கூடினால் ஒன்று எழும்பும். ஒன்று எழும்பினால் பதினாறும் எழும்பும். ஆகவே குசுகுசு.

வெளியே போய்ப் பாடலாமே என்று கேட்பீர்கள். எங்கே போவது? மலையில் பாடினால் வேலையை மேற்பார்க்கிற கங்காணிக்குக் கேட்கும். லயத்தில் பாடினால் எட்டு வீட்டுக்கும் கேட்கும். கொழும்புப் பக்கம் இனி அவள் தலைவைத்துப் படுக்க மாட்டாள். போதாததற்கு அப்பாவுக்கு அடுத்த வருஷம் வேலை முடிகிறது. அதற்குப் பிறகும் அந்த ஐந்தாம் வீட்டில் இருக்க வேண்டுமென்றால் வீட்டிலே ஒருவர் தோட்டத்தில் பேர் போட்டிருக்க வேண்டும். இருப்பது அவள் ஒருத்திதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டும் வாழ்க்கை. அதற்குள் அவள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள் என்பதே பெரிய காரியம்.

அன்ஸார் நானாதான் அவள் பாட்டுகளை ஹட்டனில் சின்ன ஸ்டூடியோ வைத்திருந்த வினோஜனுக்கு அனுப்பினார். வினோஜன் இருபத்துநாலு வயதுப் பையன். கேட்டுவிட்டு உடனே அழைத்தான்.

“அக்கா, உங்க பாட்டு ஒண்ண நான் ஒழுங்கா ரெக்கோட் பண்ணித் தாரேன். காசு வேணாம். ஆனா இந்த ஞாயித்துக்கெழமையே வரணும். புதன்கெழமை நான் கட்டாருக்குப் போறேன், வேலைக்கு. ஸ்டூடியோவ மூடுறேன். நாலு மணிக்குச் சாமான் எடுக்க ஆள் வருவாங்க.”

பல் டொக்டரிடம் காட்டப் போகிறேன் என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் போனாள். அவள் கொண்டுபோனது பதினைந்தாவது பாட்டு. யாருக்கும் போட்டுக் காட்டாத பாட்டு.

“சன்னல் வழியா மழை தெரியுது, நனைய முடியல
சத்தம் போட்டுக் கூப்பிடத்தான் வாயி தொறக்கல
யப்போவ்… ஏ யப்போவ்…”

முதல் இரண்டு அடி அடங்கித்தான் வர வேண்டும். மூன்றாவது அடி அப்படி வரக்கூடாது. இந்த மலையிலிருந்து அந்த மலையிலிருக்கும் அப்பாவைக் கூப்பிடுகிற கூப்பாடாக வர வேண்டும். அவள் மனசுக்குள் அது எப்போதும் அப்படித்தான் கேட்டது.

ஸ்டூடியோ ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்தது. பாடுகிற அறைக்குச் சுவரெல்லாம் பஞ்சு மெத்தை, தடித்த கதவு, ஒரு கண்ணாடி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடினாள். இரண்டு அடி தேன் மாதிரி வந்தது. மூன்றாவது அடி வந்ததும் தொண்டை மூடிக்கொண்டது. வினோஜன் திரும்பப் போட்டான். மறுபடியும் மூடியது. பன்னிரண்டு மணி வரைக்கும் இருபது தடவையாவது பாடியிருப்பாள். “யப்போவ்” என்பது பக்கத்துப் பாயில் தூங்குகிறவரை எழுப்புகிற மாதிரிதான் வந்தது.

“அக்கா, ஏன் பயப்படுறீங்க? கத்துங்க!”

“கீழ கடையில ஆளு இருக்காங்க தம்பி.”

“இருந்தா என்ன? கேக்காது.”

“கேக்கும். செவுருதானே.”

அவள் பிடிவாதத்துக்குச் சொல்லவில்லை. சுவர் என்றால் சத்தம் தாண்டும் ஒரு சாமான் என்றுதான் பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரியும். சத்தத்தைத் தடுக்கிற சுவர் உண்டு என்று யார் சொன்னாலும் அவளால் நம்ப முடியாது. மழை நனைக்காது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா?

மூன்று மணி தாண்டியது. வினோஜனுக்குப் பொறுமை போய்விட்டது. அவளை வெளியே வரச்சொல்லிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, தான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். பிறகு வாயைத் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, கண் பிதுங்கியது. ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை. ஷாமிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியில் காதை வைத்துப் பார்த்தாள். கதவில் வைத்துப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை.

“இப்பிடி ஒரு ரூமு இருக்குன்னு எனக்குத் தெரியாம போச்சே தம்பி” என்றாள். சொல்லும்போதே சிரிப்பு நின்றுவிட்டது.

மறுபடியும் உள்ளே போனாள். அவள் வாயிலிருந்து முதலில் வந்தது பாட்டில்லை, வசவு. வெள்ளவத்தை வீட்டு அம்மாவை ஏழு தலைமுறைக்கும் சேர்த்து வைதாள். லயத்தில் தண்ணி பிடிக்கும் பைப்படியில் கேட்டு வளர்ந்த அத்தனை கெட்ட வார்த்தையும் வந்தது. தரகனை வைதாள். அதன்பிறகு வார்த்தை தீர்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். சத்தம் போட்டு அழுவது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. மைக் திறந்திருக்கிறது, வினோஜன் காதில் எல்லாம் விழுகிறது என்பதை மறந்தே போனாள். பாவம் அந்தப் பையன், அவளை நிமிர்ந்து பார்க்காமல் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் மூக்கைத் துடைத்த பிறகுதான் ஹெட்போனில் பேசினான். “அக்கா, இவ்வளவு நேரம் வந்தத அழிச்சிட்டேன். இன்னும் பத்து நிமிசம் இருக்கு. மியூசிக் போடவா?”

“போடுங்க.”

ஒரே தடவைதான். தொண்டை கரகரவென்று கிழிந்திருந்தது. அந்தக் கிழிந்த தொண்டையோடு மூன்றாவது அடியை எடுத்தாள். வினோஜன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். கீழே சாமான் எடுக்க லொறி வந்து ஹாரன் அடித்தது. அந்த அறைக்குள் அதுவும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பாட்டு வெளியே வந்தது. அவளைக் கேட்காமலே வினோஜன் “பாட்டு, இசை, குரல்: ஷாமிலா, மஸ்கெலியா” என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டான். புதன்கிழமை அவன் கட்டாருக்குப் பிளேன் ஏறினான். மெத்தைச் சுவர் வைத்த அறையில் இப்போது புடவைக் கடைக்காரர் ஸ்டொக் அடுக்கியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமைக்குள் பாட்டு மலையெல்லாம் சுற்றிவிட்டது. தலவாக்கலையில் ஓட்டோக்காரர்கள் போடுகிறார்களாம், நல்லதண்ணிக் கடைகளில் கேட்கிறதாம். மூன்றாம் வீட்டு ராக்காயி பைப்படியில் அவளை மறித்தாள்.

“ஏன்டி, இந்தத் தொண்டைய இத்தன காலமா எங்கடி வச்சிருந்த?”

அது பாராட்டு. கூடவே இன்னொன்றும் வந்தது. பெத்த அப்பனைச் சந்தியில் நிறுத்திப் பாடிவிட்டாள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அதுவும் சுவருக்கு மேலாக அவள் வீட்டுக்கு வந்தது. சோலைமலைக்கு ஸ்டோரில் ஒரு பையன் போனில் போட்டுக் காட்டியிருக்கிறான். நாலு நாள் அவர் அவளோடு பேசவில்லை. போட்ட சோற்றைத் தின்றார், வேலைக்குப் போனார், வந்தார். அவளுக்குப் பாட்டு ஓடுகிற சந்தோஷமே இல்லாமல் போனது. அப்பாவை இழந்துவிட்டேனோ என்ற ஒரே பயத்தில் குழந்தைகளுக்குப் பால் மாவைக்கூட அளவு பார்க்காமல் கரைத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். ஷாமிலா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். சோலைமலை அடுப்புக்கு எதிரில் வந்து குந்தினார். வெளியே நீட்டியிருந்த விறகை உள்ளே தள்ளினார். பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று தணிந்த குரலில் சொன்னார்.

“அன்னிக்கே கொழும்புலருந்து இப்பிடிச் சத்தமா ஒரு தடவ கூப்பிட்டிருந்தீன்னா, எனக்குக் கேட்டிருக்கும்மா. ஓடி வந்து கூட்டிட்டு வந்திருப்பேன்.”

அவர் அதை மனசாரத்தான் சொன்னார். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. மாவுக் கையை மடியில் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

“கூப்பிட்டேன்ப்பா. தீவாளி முடிஞ்சு என்னயப் பாக்க வந்தீங்கல்ல, பட்டுப் பாவாட வாங்கிட்டு? ஹோல்ல உக்காந்து, ‘நல்லா இருக்கியாம்மா’ன்னு கேட்டீங்க. அந்தம்மா ஒங்களுக்குப் பின்னால நின்னு என்னயப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் ‘நல்லா இருக்கேன்ப்பா’ன்னு சொன்னேன். நீங்க என் மொகத்தப் பாத்தீங்க. பாத்துட்டு, செருப்பப் போட்டுக்கிட்டுப் போயிட்டீங்க.” ரொட்டி கருகியது. அவள் அதைத் திருப்பவில்லை. “வேற எப்பிடிப்பா கூப்பிடுறது?”

சோலைமலை கையை நீட்டி அந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டார். ஆறாம் வீட்டில் யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.