வலது கை பாக்கி

பம்பாயில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள ஒரே இடம் ஆஸ்பத்திரி ஏ.சி.தான். என் கணவர் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய் நான்கு மணி நேரம் படுத்திருப்பார். உடம்பு நடுங்கும். அங்கே கொடுக்கும் போர்வை பேருக்குத்தான் போர்வை. சால்வை போர்த்தினால் நழுவிவிடும்.

"ஒரு ஸ்வெட்டர் பின்னிக் குடேன்" என்றார்.

மாட்டுங்காவில் சாம்பல் நிற உல்லன் பத்து உருண்டை வாங்கினேன். கடைக்காரர் பன்னிரண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். எதையும் வீணாக்காதவள் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு, பத்தோடு நிறுத்தினேன். முன்னும் பின்னும் முடிந்தன. ஊசி குத்துகிற இடது கைக்கு, நீளத்துக்குத் திறந்து பித்தான் போடுகிற மாதிரி பின்னினேன். அதற்கு நூல் கூடுதலாகப் பிடித்தது. வலது கை நாலு விரல் அகலம்கூட வளரவில்லை, நூல் தீர்ந்தது.

அதே கடையில் அதே நிற எண்ணில் இரண்டு உருண்டை வாங்கிவந்தேன். வீட்டு ஜன்னலில் பிடித்துப் பார்த்தால் லேசாக நீலம் ஓடியது. சாயம் போட்ட தடவை வேறு. பிறகு செம்பூரில் தேடினேன், தாதரில் தேடினேன். ஒவ்வொரு தடவையும் இதுவாக இருக்கும் என்று நாலைந்து உருண்டை வாங்கினேன், ஜன்னலில் பிடித்தேன், கட்டிலுக்கு அடியில் போட்டேன்.

"இருக்கறத வச்சு முடிச்சுடேன். யார் பாக்கப்போறா?"

"நான் பாப்பேனே" என்றேன்.

அவர் சால்வையை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். அதற்கப்புறம் கேட்கவில்லை. மழை தொடங்கிய வாரத்தில் போய்விட்டார்.

அப்புறமும் வாங்கினேன். ஆபீஸ் விட்டு வரும் வழியில் கால் தானாகக் கடைக்குத் திரும்பும். சாம்பல் நிறம்தான் என்றில்லை, பச்சை, மஞ்சள், எது கைக்குக் கிடைக்கிறதோ அது. துக்கம் என்று சொல்ல முடியாது, அழுகையே வரவில்லை. கையில் ஒரு பை இருந்தால் வீட்டுப் பூட்டைத் திறக்க முடிந்தது, அவ்வளவுதான்.

இந்த வருஷம் எங்கள் கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று காலி செய்யச் சொன்னார்கள். சாமான் கட்ட வந்த மகள் கட்டில் பலகையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"க்யா மா, கடை வைக்கப் போறியா?"

எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன். ஸ்வெட்டரையும் முதலில் வாங்கிவந்த அந்த இரண்டு உருண்டையையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பின்னினேன். மூன்று சாயங்காலத்தில் வலது கை முடிந்தது. இரண்டு உருண்டையே போதுமாக இருந்தது.

மகள் அதை டியூப் லைட்டுக்குக் கீழே விரித்துப் பார்த்தாள். "வேற நூல் எங்கேர்ந்து ஆரம்பிக்கறது? எனக்குத் தெரியவே இல்லையேம்மா."

கண்ணாடி போட்டுக்கொண்டு நானும் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. காலையில் ஜன்னலுக்கு எடுத்துப்போன பிறகுதான் அந்த நீலம் தெரிந்தது.

அவர் படுத்திருந்த டயாலிசிஸ் அறையில் ஜன்னலே கிடையாது. டியூப் லைட்தான்.